கைத்துப்பாக்கி நூறு வருடமாக அப்படியே நிற்கிறதா?

தொண்டியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையில் பழைய துப்பாக்கிகளைப் பார்த்தேன். அங்கிருந்து ரிவால்வர், அப்புறம் பிஸ்டல் என்று வந்தது புரிகிறது. ஆனால் 1911இல் வந்த பிஸ்டலின் படத்தையும் இன்றைக்குப் போலீஸ் இடுப்பில் இருப்பதையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செல்போன் இருபது வருடத்தில் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டதே, இது மட்டும் ஏன் அப்படியே? இனிமேல் என்ன வரும்? லேசரா, கைரேகைப் பூட்டா?" பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்து முடிந்துவிட்டதா, இல்லை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளர்கிறதா என்றுதான் தம்பி கேட்கிறார்.

இரண்டாவதுதான் என்பது என் பதில். நான் ராணுவத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் வேலை பார்த்தவன். சுட்டதைவிட, கோத்தில் (ஆயுத அறையில்) உட்கார்ந்து கழற்றி, துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, மறுபடி பூட்டியதுதான் அதிகம். ஓய்வுக்குப் பிறகு உச்சிப்புளிப் பக்கம் குடியிருக்கிறேன். ஆகவே எஃகு, எண்ணெய், துரு பற்றிச் சொல்வதைக் கைப்பட்ட அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய வரலாறு படித்துத் தெரிந்தது. எலெக்ட்ரானிக்ஸ் என் தொழில் இல்லை, அந்தப் பகுதியை வாசகனாகத்தான் சொல்கிறேன்.

துப்பாக்கியின் வடிவத்தைப் பார்த்தால் இந்தக் கதை பிடிபடாது. வெடிமருந்தை ஈரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். தென்கடலும் வடகடலும் இரண்டு பக்கமும் உப்புக்காற்றை அனுப்பும் ஊரில் இருக்கிற நமக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

பழைய கரிமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஐரோப்பியப் போர்களுக்கான வெடியுப்பில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பீகாரிலிருந்து கப்பல் ஏறியது. இந்த மருந்து எரிந்தால் எடையில் பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு குழலை அரிக்கும். போதாக்குறைக்கு, பற்றவைக்க ஒரு திரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரிகிற திரியோடு ஒரு ஆயுதத்தை இடுப்பில் செருக முடியுமா? அதனால் திரித்துப்பாக்கிக் காலத்தில் கைத்துப்பாக்கி என்பது பெரிதாக எடுபடவே இல்லை.

இடுப்பில் செருகக்கூடிய முதல் துப்பாக்கி 1500களின் தொடக்கத்தில் வந்த சக்கரப் பூட்டு (பூட்டு என்பது மருந்தைப் பற்றவைக்கும் பொறி). சாவி கொடுத்து முறுக்கிய ஒரு எஃகுச் சக்கரம் சுழன்று, பைரைட் கல்லில் உரசிப் பொறி தரும். யார் கண்டுபிடித்தது என்பதில் இன்றுவரை சண்டை. லியனார்டோ டாவின்சியின் குறிப்பேட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறது. ஜெர்மானியக் கைவினைஞர்கள்தான் முதலில் செய்தார்கள் என்று இன்னொரு கட்சி. அதில் நான் தலையிட மாட்டேன். நிச்சயமானது, அது விலை அதிகமான சாமான், குதிரைப்படைப் பிரபுக்களுக்கு மட்டும் கட்டுப்படியானது, சட்டைக்குள் மறைக்க முடிந்ததால் அரசர்களைப் பயமுறுத்தியது. வந்த சில வருடங்களிலேயே ஜெர்மானியப் பேரரசர் மாக்சிமிலியன் அதற்குத் தடை போட்டார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வயதும் கைத்துப்பாக்கியின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

பிறகு 1600களில் பிரான்சிலிருந்து பரவிய சக்கிமுக்கிப் பூட்டு விலையைக் குறைத்தது, வேறொன்றையும் தீர்க்கவில்லை. பற்றவைக்கும் மருந்து ஒரு சிறு கிண்ணத்தில் காற்றுக்குத் திறந்தேதான் கிடந்தது. ஐப்பசி மழையில் அது எப்படி வேலை செய்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மறவர் சீமைப் போர்களில் வளரியும் வேலும் துப்பாக்கியோடு சேர்ந்தே கடைசிவரை இருந்ததற்கு வீரம், மரபு என்று பல காரணம் சொல்வோம். ஈரமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் யூகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

இந்தக் கிண்ணத்தை ஒழித்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். கிண்ணத்தின் பளிச்சொளியைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற வேட்டைக்காரரின் எரிச்சல்தான் தூண்டுதல் என்பார்கள். அந்த உப்பைச் சிறு செப்புத் தொப்பியில் அடைத்தது யார் என்பதற்கு 1820களில் மூன்று நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். யாராக இருந்தாலும், இந்தத் தொப்பி, அதாவது கேப், வந்த பிறகுதான் மழையில் துப்பாக்கியை நம்ப முடிந்தது. பல அறைகள் சுழன்று வரும் ரிவால்வர் பரவலானதும் அதனால்தான்.

சாமுவேல் கோல்ட் ரிவால்வரைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பொது அறிவில் படித்திருப்பீர்கள். முழு உண்மை இல்லை. எலிஷா காலியர் 1818லேயே சக்கிமுக்கியில் சுழல் துப்பாக்கி செய்து இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். கோல்ட் 1830இல், பதினாறு வயதில், கோர்வோ என்ற பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வரை வந்தவர். போகும் வழியில் நங்கூரம் இழுக்கும் சுழல் உருளையைப் பார்த்து, பல் மாட்டித் திரும்பித் திரும்பி நிற்கும் அறைகள் என்ற யோசனை வந்தது, மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்பது அவரே பரப்பிய கதை. காலியரின் துப்பாக்கியைக் கல்கத்தாவில் பார்த்திருப்பார் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. 1836 பிப்ரவரி 25இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கேப்பை அடிக்கும் சுத்தியான ஹேமரை இழுத்தாலே அடுத்த அறை தானாக வந்து குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும், அதுதான் அவருடைய உண்மையான சாமர்த்தியம். ஆனால் ஒவ்வொரு அறையிலும் மருந்து போட்டு, குண்டு திணித்து, பின்னால் கேப் மாட்டும் பாடு தொடர்ந்தது.

இப்போது வருவதுதான் மொத்தக் கதையின் நடுத்தூண். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் உலோகத் தோட்டா போடும் சின்ன .22 (குழல் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வரை வெளியிட்டது. குண்டு, மருந்து, கேப் மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள். பின்பக்கம் வரை அறைகள் துளைத்த சுழல் உருளைக்கு, அதாவது சிலிண்டருக்கான காப்புரிமை ரோலின் வைட் என்பவரிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் தனி உரிமையை இவர்கள் வாங்கி வைத்துக்கொண்டதால் 1869 வரை கோல்ட் கம்பெனி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பித்தளைக்கு ஒரு அருமையான குணம் உண்டு. சுடும்போது அழுத்தத்தில் உப்பி அறைச் சுவரோடு ஒட்டி, பின்னால் வாயு கசியாமல் அடைத்துவிடும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, வெளியே வர வழி விடும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இன்றைய பிஸ்டல் வரை எல்லாம் ஓடுகிறது.

பித்தளைக்கும் எமன் உண்டு, அது தெரியவந்தது நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டித் தோட்டாப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. யாரும் தட்டவில்லை, தள்ளவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், ஈரமும், பித்தளையை இழுத்து உருவாக்கும்போது அதற்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1920களின் தொடக்கத்தில்தான் தெளிவாக நிறுவினார்கள். பிறகு கூடுகளை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வழக்கம் வந்தது. ஐஸ் கம்பெனியை ஒட்டி வீடு இருந்தால் பித்தளைச் சாமானைக் கவனியுங்கள் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்வது இதனால்தான், அங்கேயும் ஓடுவது அம்மோனியாதான்.

கூட்டுக்குள் அடைத்த மருந்து எத்தனை வருடம் தாங்கும் என்று இங்கே அடிக்கடி கேட்பார்கள். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் கிளம்பிய பிறகு இன்னும் அதிகமாகக் கேட்டார்கள். வெளியே பச்சை பூத்துக் கிடக்கும் தோட்டாவின் உள்ளே மருந்து உலர்ந்தே இருக்கலாம். பளபளப்பாக இருப்பதில் கேப் செத்திருக்கலாம். பார்த்துச் சொல்ல எந்த ஆர்மரராலும் முடியாது. அப்படி எதையாவது கண்டால் தொடாமல், நகர்த்தாமல், காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

சரி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலுக்கு வருவோம். 1884இல் பிரான்சின் பால் வியே புகையில்லா மருந்தைச் செய்தார். கசடு குறைந்தது, வேகம் கூடியது. கசடு இல்லையென்றால், சுட்ட வேகத்தையே வைத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் நுணுக்கமான பொறியை அடைப்பு இல்லாமல் ஓட்டலாம். அடுத்த பத்து வருடத்துக்குள் 1893இல் போர்ஷார்ட், அதைத் தொடர்ந்து மவுசர், லூகர் என்று ஜெர்மனியில் வரிசையாக வந்தன. ஆனால் நிலைத்தது அமெரிக்கர் ஜான் பிரௌனிங்கின் வழி. குழலை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு அவர் கொடுத்தது. சக்தி அதிகமான தோட்டாவுக்கு, குழலும் ஸ்லைடும் முதல் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் போகும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பிரிய, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய்ப் பழைய கூட்டை எறிந்துவிட்டுப் புதியதை ஏற்றும். 1911இல் நடந்த கடைசிச் சோதனையில் அவருடைய .45 பிஸ்டல் 6000 ரவுண்ட் பழுதில்லாமல் சுட்டது. கை பொறுக்காத அளவு சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். மார்ச் 29இல் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றது. அதற்கு மூன்று மாதத்துக்குள், ஜூன் 17இல், நம்மிடமிருந்து அதிக தூரமில்லாத மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால்தான். தொழில்நுட்பம் எவ்வளவு சீக்கிரம் எங்கே போய்ச் சேரும் என்பதை அதைச் செய்தவன் முடிவு செய்வதில்லை.

தம்பிக்கு வித்தியாசம் தெரியாத காரணம் இதுதான். சாயும் குழல் என்ற அந்த ஏற்பாட்டைத் தோற்கடிக்க இன்னொன்று வரவில்லை. 1935இன் ஹை-பவர் என்ற பிஸ்டல் அதையே எளிமையாக்கி, தோட்டாப் பெட்டியான மேகசினில் தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கி 13 ஆக்கியது. நம் ராணுவத்தின் 9 எம்.எம். 1ஏ பிஸ்டல் அந்தக் குடும்பம், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நான் அதிகம் கழற்றிப் பூட்டியதும் இதைத்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: உள்ளே பிரௌனிங்தான் இருக்கிறார்.

வடிவம் நின்றுவிட்ட பிறகு முன்னேற்றம் இரண்டு இடத்தில் நடந்தது. ஒன்று கேப்பில். பழைய கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். அதாவது சாப்பாட்டு உப்பின் கூடப்பிறந்தது. எண்ணெயில் கரையாது, ஈரத்தை மட்டும் இழுக்கும். அதனால்தான் சுட்ட அன்றே கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்று, பிறகு உலர்த்து, கடைசியில் எண்ணெய் போடு என்ற பழைய ராணுவ ஒழுங்கு. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஈயம் சார்ந்த, உப்பு மிச்சம் வைக்காத கேப் வந்தது. பல ராணுவங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் பழையதையே விடாமல் வைத்திருந்தன, கிடங்கில் அது நீண்ட காலம் தாங்கும் என்ற நம்பிக்கையில். துப்பாக்கியின் ஆயுளைக் கூட்டியதில் இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஈடாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். எந்தப் படத்திலும் இது தெரியாது.

இன்னொன்று உலோகத்தின் தோல். 1965இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முழுக்க ஸ்டெயின்லெஸ் எஃகில் ரிவால்வர் கொண்டுவந்தது. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கிக்கு உபயோகிப்பது பெரும்பாலும் கடினமாக்கக்கூடிய ரகம், உங்கள் வீட்டுச் சோற்றுப்பானை எஃகைவிட உப்புக்குச் சீக்கிரம் தோற்கும். பிடிக்கட்டைக்கு அடியில், திருகுத் தலையில் ஊசிக்குழியாக ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் சாதாரண எஃகுதான். ஆடிக்காற்றில் கடற்கரையோரம் பணி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. உப்புத்துளி பட்ட ஆயுதத்துக்கு மேலாக எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும், முதலில் நல்ல தண்ணீர், பிறகு உலர்த்தல், பிறகே எண்ணெய். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது, தோல் வியர்வையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக் துப்பாக்கிக்காரர் இல்லை, கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்த ஆள். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் அவர் பிஸ்டலை ஏற்றது. பிளாஸ்டிக் உடல், நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய எஃகு ஸ்லைடு, 17 தோட்டா, நாற்பதுக்கும் குறைவான உதிரிகள். பிளாஸ்டிக் உடலில் முதல் பிஸ்டல் இது இல்லை, 1970லேயே ஹெக்லர் அண்ட் கோக் செய்திருந்தது. விமான நிலையக் கருவியில் க்ளாக் தெரியாது என்று கிளம்பிய பீதியும் வெறும் புரளி, எடையில் பெரும்பங்கு எஃகு. ஆனால் ஒரு பராமரிப்பாளனாகச் சொல்கிறேன், உப்புக்காற்றில் அது மற்ற எதையும்விட என் போன்றவர்களின் வேலையைக் குறைத்தது. அழகு என்று கேட்டால் செங்கல் துண்டுதான்.

நம் நாட்டில் தொழில்நுட்பத்தை நிறுத்தி வைத்திருப்பது சட்டமும்தான். அதில் தவறு காண வரவில்லை, நடப்பைச் சொல்கிறேன். 9 எம்.எம். சாதாரணக் குடிமகனுக்குத் தடை. உரிமம் உள்ளவர் வாங்கும் கான்பூர் ரிவால்வரின் .32 தோட்டா 1896இல் வடிவமைத்தது. 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய நிர்பீக் ரிவால்வரும் அதே .32தான். விலை மட்டும் ஒன்றேகால் லட்சத்தைத் தொட்டது. 1959 ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

இனி வருவது பற்றி. கைரேகைப் பூட்டு பல வருடமாக "அடுத்த வருடம்" வருகிறது. 2014 வாக்கில் ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் ஒரு .22 பிஸ்டலைக் கைக்கடிகாரத்தோடு விற்க வந்தது, கடிகாரம் பக்கத்தில் இருந்தால்தான் சுடும். 2017இல் ஒருவர் சில மலிவான காந்தத் துண்டுகளை வைத்தே அதை ஏமாற்றிக் காட்டினார். அரசியல் இன்னும் மோசமாகக் குழப்பியது. நியூ ஜெர்சியில் 2002இல் போட்ட சட்டப்படி, இப்படி ஒன்று எங்காவது விற்பனைக்கு வந்துவிட்டால் சில வருடத்தில் அந்த மாநிலத்தில் அதைத் தவிர வேறு கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. விளைவு, விற்க முன்வந்த கடைக்காரர்களுக்கே மிரட்டல். 2019இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2023இல் பயோஃபயர் என்ற நிறுவனம் கைரேகை, முகம் இரண்டையும் பார்க்கும் 9 எம்.எம். பிஸ்டலை அறிவித்தது. வீட்டில் குழந்தை எடுத்துவிடுமோ என்ற பயத்துக்கு இது நல்ல விடை என்றே நினைக்கிறேன். பணியில் இருப்பவருக்கு நம்பலாமா என்பதில் எனக்குத் தயக்கம். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் வலை இழுத்து ரேகை தேய்ந்தவர்களும் ரேஷன் கடை இயந்திரத்தின் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தவன் நான். அங்கே மறுபடி முயற்சிக்க நேரம் இருக்கிறது.

லேசருக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு. 9 எம்.எம். குண்டு 8 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 360 மீட்டர், ஆற்றல் 500 ஜூலுக்குச் சற்று மேல். உங்கள் கையிலிருக்கும் 5000 எம்.ஏ.எச். போன் பேட்டரியில் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆக, ஆற்றல் பிரச்சினையே இல்லை, அதைக் கொடுக்கும் வேகம்தான் பிரச்சினை. மருந்து அந்த 500 ஜூலை ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகக் கொடுத்துவிடுகிறது. கையில் அடங்கும் எந்த பேட்டரியும் அந்தப் பக்கமே போக முடியாது. மேலும் உப்பும் ஈரமும் மிதக்கும் கடற்கரைக் காற்றில் கதிர் சிதறும். கண்ணைக் குருடாக்கவென்றே செய்யும் லேசரை 1995இன் சர்வதேச நெறிமுறை தடை செய்துவிட்டது. 1960களில் அமெரிக்காவில் பின்னுதைப்பு அதிகம் இல்லாமல் கையில் பிடித்துச் சுடும் ராக்கெட் பிஸ்டல் ஒன்று, கைரோஜெட் என்று வந்தது. தூரத்தில் வேகம், பக்கத்தில் மந்தம். கைத்துப்பாக்கிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். சில வருடத்தில் படுத்துவிட்டது.

முப்பரிமாண அச்சு 2013இல் பெரிய செய்தியானது. பிளாஸ்டிக்கில் அச்சிட்ட லிபரேட்டர் ஒற்றைத் தோட்டாச் சாமான், பொறியாகப் பார்த்தால் பின்னோக்கிய பயணம். அதே வருடம் இன்னொரு நிறுவனம் 1911 பிஸ்டலை உலோகத்தில் அச்சிட்டுச் சுட்டுக் காட்டியது, அதுவும் பிரௌனிங்கின் பழைய வரைபடம்தான். இது தொழில்நுட்பக் கேள்வி என்பதைவிட யார் செய்யலாம் என்ற சட்டக் கேள்வி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் எந்த முறையில் செய்தாலும் குற்றமே. ஸ்லைடின் மேல் உட்காரும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஏற்கெனவே வந்து நிலைத்துவிட்டது, 2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் (SIG) நிறுவனத்தின் பிஸ்டலில் அதற்கான இடம் விட்டே செய்கிறார்கள். அதன் கண்ணாடியில் படியும் உப்புத்திரையைத் துடைப்பது இனிவரும் ஆர்மரர்களின் தலைவலி.

அடுத்த பெரிய மாற்றம் எங்கே என்று என்னைக் கேட்டால், மறுபடியும் கேப்பைத்தான் காட்டுவேன். மூடிய சுடுதளத்தில் பயிற்சி கொடுப்பவர்களின் ரத்தத்தில் ஈயம் சேர்கிறது என்பது நிரூபணமான விஷயம், அதில் குண்டின் ஈயத்தோடு கேப்பின் ஈயத்துக்கும் பங்குண்டு. ஈயமில்லாத கேப் 1980களிலிருந்தே விற்பனையில் இருக்கிறது. ஆனால் பல வருடம் கிடங்கில் கிடந்து, கடும் குளிரிலும் ஈரத்திலும் முதல் அடியிலேயே வெடிக்கும் என்ற நம்பிக்கையில் அது இன்னும் பழையதைப் பிடிக்கவில்லை. அதனால்தான் ராணுவங்கள் அதைப் பயிற்சிக்கு வாங்கிக்கொண்டு போருக்குப் பழையதையே வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கேப் என்று ஒரு ராணுவம் உத்தரவு போடும் நாளில், பிஸ்டல் வெளியே பார்க்க இப்போது இருக்கிற மாதிரியேதான் இருக்கும்.